பாட்டி சொன்னாளாம்: யிட்டிஷ் பழமொழிகளின் கதை

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் தம் யிட்டிஷ் மொழியை ‘மாமெ லோஷன்’ என்றழைத்தனர். அம்மாவின் மொழி என்பது அதன் பொருள். வழிபாட்டுக்கும் சாத்திரக் கல்விக்கும் ஹீப்ரு இருந்தது. அடுப்படிக்கும் சந்தைக்கும் யிட்டிஷ். அதன் பழமொழிகளும் ‘எங்கள் பாட்டி சொல்வாள்’ என்ற முன்னுரையோடுதான் பெரும்பாலும் வீடுகளில் வழங்கின.

யிட்டிஷின் அடித்தளம் ஜெர்மானியம். அதனுடன் ஹீப்ரு, அராமிக், ஸ்லாவிய மொழிகளின் சொற்கள் கலந்தன. எழுதுவது ஹீப்ரு எழுத்தில். இக்கலப்பைப் பழமொழிகளிலேயே காணலாம். ‘அழகு வேண்டாம், வசீகரம் போதும்’ என்றொரு மொழி உண்டு. அதில் அழகைக் குறிக்கும் ‘ஷேய்ன்’ ஜெர்மானியச் சொல். வசீகரத்தைக் குறிக்கும் ‘ஹேய்ன்’ ஹீப்ருச் சொல். இரண்டும் ஓசை பொருந்தி ஒரே மூச்சில் நிற்கின்றன.

‘ஏழை கோழி தின்றால், ஒன்று அவனுக்கு நோய், இல்லையேல் கோழிக்கு நோய்’ என்பது மற்றொன்று. முட்டையிடும் கோழியை வறியவன் வீணே அறுக்கமாட்டான். இதை விருந்தில் சொன்னால் சிரிப்பு. வெறும் சட்டியின் முன் சொன்னால் துயரம். எது என்பதைத் தீர்மானிப்பது சொல்லப்படும் வேளை.

வார்சாவின் வணிகர் இக்னாட்ஸ் பெர்ன்ஸ்டைன் 1908இல் வெளியிட்ட பெருந்தொகுப்பில் 3,993 யிட்டிஷ் பழமொழிகள் உள்ளன. அகரவரிசையில் அடுக்கி, ஹீப்ரு எழுத்திலும் லத்தீன் எழுத்திலும் அச்சிட்டார். 1925இல் வில்னாவை மையமாகக் கொண்டு தோன்றிய யிவோ ஆய்வு நிறுவனத்துக்குச் சிற்றூர்களின் எளிய மனிதர்களே சேகரிப்பாளர்களாகி வழக்காறுகளை எழுதி அனுப்பினர். இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. எனினும் அகரவரிசையில் அமர்ந்த பழமொழி, தன்னைச் சொன்னவளையும் சொன்ன வேளையையும் வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறது. அவற்றைக் காத்து வந்தவை குடும்பங்களே.

அக்குடும்பங்களைத்தான் நாஜிகள் அழித்தனர். கொல்லப்பட்ட ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களில் பெரும்பான்மையோர் யிட்டிஷ் பேசியவர்கள். பாட்டியும் பேத்தியும் ஒருசேர மாண்ட வீடுகளில் சொல்லவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. வாக்கியங்கள் நூலகத்தில் எஞ்சின.

அதற்கு முன்பே அமெரிக்கா சென்றவர்களின் வழித்தோன்றல்கள் ஆங்கிலத்துக்கு மாறினர். மொழி போன பின்னும் ‘மனிதன் திட்டமிடுகிறான், கடவுள் சிரிக்கிறார்’ போன்ற ஓரிரு வாக்கியங்கள் பல வீடுகளில் தங்கின. இலக்கணம் அறியாத பேரன் அதைச் சரியான தருணத்தில் சொல்லக் காண்கிறோம். புரூக்ளினிலும் எருசலேமிலும் வாழும் ஹசீதியக் குடும்பங்களிலோ யிட்டிஷ் இன்றும் குழந்தைகளின் மொழி.

ஆகவே யாரேனும் ஒரு முதியவளின் பழமொழியை நமக்குச் சொன்னால், பொருளோடு நின்றுவிடாமல் இன்னொன்றும் கேட்போம்: அவள் அதை எப்போது சொல்வாள்? ‘கேள்வி கேட்டு எவரும் செத்ததில்லை’ என்பதும் யிட்டிஷ் பழமொழிதானே.