திக்ரும் ராத்திபும்: நம் முன்னோர் தனிமையில் ஓதியவை

பொன்விழா மலரில் சங்கம் வளர்ந்த கதையும் பொறுப்பில் இருந்தவர்களின் தொண்டும் இடம்பெறுவது முறை. அவற்றோடு, நம் பாட்டன்மார் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஒற்றை ஆளாக இங்கே பிழைத்த நாட்களில் தங்கள் ஈமானை எப்படிப் பேணிக்கொண்டார்கள் என்பதையும் எழுதி வைக்க விரும்பினோம்.

1819க்குப் பிறகு சோழமண்டலக் கரையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த நம்மவர்களைச் சூலியாக்கள் என்றார்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவினார்கள். தெலுக் ஆயரில் 1827இல் குடிசையாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிக்குக் 'குச்சுப் பள்ளி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதே தெருவில் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்காவைக் கட்டினார்கள். இம்மூன்றும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாயின.

ஐவேளைத் தொழுகைக்கு இரண்டு பள்ளிகள் இருக்க, தர்கா எதற்கு? அங்கே அடக்கஸ்தலம்கூடக் கிடையாது. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது பாதுஷா நாயகத்தின் நினைவாக எழுந்த கட்டடம் அது. ஓட்டை விழுந்த கப்பலைக் கண்ணாடியால் அடைத்துக் காத்தார்கள் என்று அவர்களைப் பற்றிக் கடலோடிகள் சொல்லிவந்தார்கள். அன்று தெலுக் ஆயர் கடற்கரைத் தெரு. கடலைத் தூர்த்ததெல்லாம் பிறகுதான். கரை இறங்கிய மனிதனுக்கு ஷுக்ர் செய்ய ஓர் இடம் வேண்டியிருந்தது என்றே நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். சற்றுத் தள்ளிச் சீனர்கள் கடல் தெய்வத்துக்குக் கோயில் கட்டியதும் அதே நன்றியினால்தான்.

தர்காவுக்குப் போவது எப்போதாவது. வாரந்தோறும் நடந்தது ராத்திபும் மௌலிதும். காயல்பட்டினத்து சதகத்துல்லாஹ் அப்பா (1632-1703) வித்ரிய்யா கஸீதாவை விரித்துத் தக்மீஸ் பாடினார்கள். முஹ்யித்தீன் ஆண்டகையைப் போற்றும் யாகுத்பாவும் அவர்களுடையதாகவே ஓதப்படுகிறது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) தொகுத்தது ராத்திபு ஜலாலிய்யா. கப்பலில் வந்தவர்களின் பெட்டிகளில் கைலியோடும் அத்தரோடும் இந்தக் கிதாபுகளும் வந்தன.

ஓதும் முறையைக் கவனித்தால் இதன் பயன் புரியும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். எழுத்துத் தெரியாதவரும் பின்வரிசையில் உட்கார்ந்து வாயைப் பழக்கிக்கொள்ளலாம். நாலைந்து வெள்ளி இரவுகள் போனால் மெட்டு மனத்தில் ஏறிவிடும். பிறகு மூட்டை சுமக்கும்போதும், கடைப் பலகையை அடுக்கும்போதும், தூக்கம் வராத இரவிலும் அவர் தனியாக அதை முணுமுணுப்பார். கூடி ஓதிய மஜ்லிஸ்தான் தனியாக ஓதுவதற்கும் பள்ளிக்கூடமாக இருந்தது. முடிவில் கிடைக்கும் நெய்ச்சோற்றுக்காக வந்தவர்களும் உண்டு. அவர்களும் ஓதக் கற்றுக்கொண்டார்கள்.

மனம் ஒன்றாமல் நாக்கு மட்டும் ஓதி என்ன பயன் என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இதற்கு வழி சொல்கிறார்கள். தொடக்கத்தில் நாவையும் மனத்தையும் வலிந்துதான் திக்ரில் நிறுத்த வேண்டியிருக்கும். விடாமல் செய்தால் அதில் ஒட்டுதல் தானாக வரும் என்பது அவர்கள் கருத்து. மனம் ஒன்றிய பிறகே ஓதுவேன் என்று காத்திருந்தால் பெரும்பாலோர் ஓதவே மாட்டோம்.

பெண்களுக்கு வேறொரு வழக்கம் இருந்தது. திருகை அரைத்துக் கை காய்த்துப்போன பாத்திமா நாயகி (ரலி) பணியாள் ஒருவரைக் கேட்டு வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் படுக்கப் போகையில் 33 முறை சுப்ஹானல்லாஹ், 33 முறை அல்ஹம்துலில்லாஹ், 34 முறை அல்லாஹு அக்பர் சொல்லுமாறு கற்றுக்கொடுத்த செய்தி ஹதீஸில் உள்ளது. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்தவர்களில், மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் பலர். அந்த ஹதீஸை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தஸ்பீஹ் மணி இல்லாவிட்டால் விரல்தான்: விரலுக்கு மூன்று கணு, பதினோரு விரல் எண்ணினால் 33.

இவை எல்லாராலும் ஏற்கப்பட்டவை அல்ல. பா. தாவூத் ஷா 'தாருல் இஸ்லாம்' இதழில் தர்கா வழக்கங்களைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அந்த வாதம் கடல் கடந்து நம் வீடுகளுக்குள்ளும் வந்தது. அண்ணன் மௌலிதுக்குப் போக, தம்பி அது பித்அத் என்று வாசலோடு நின்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கடன் வாங்கிக் கந்தூரி கொடுத்ததையும், அல்லாஹ்விடம் கேட்க வேண்டியதை அவுலியாவிடம் கேட்டதையும் கண்டித்தது சரியே. ஆனால் ராத்திபை நிறுத்திய பல வீடுகளில் அந்த இரவுக்கு வேறு ஓதல் எதுவும் வந்து சேரவில்லை. தொலைக்காட்சிதான் வந்தது. இதை யார்மீதும் குறையாகச் சொல்லவில்லை; எங்கள் வீடுகளிலும் அதுதான் நடந்தது.

ஓதுவதற்கு எந்த வழியைக் கொள்வது என்பதில் அவரவர் ஆலிம்களின் சொல்லைக் கேட்டு நடக்கட்டும். எங்கள் கவலை வேறு. அலமாரியில் இருக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பேரப்பிள்ளைகளால் வாசிக்க முடியவில்லை. குர்ஆன் ஓதுகிறார்கள், தமிழும் பேசுகிறார்கள். அரபெழுத்தில் தமிழ் வரும்போது தடுமாறுகிறார்கள். மெட்டோ கிதாபிலேயே இல்லை. பெரியவர்களின் தொண்டையில்தான் இருக்கிறது. அப்படி ஒரு பாட்டனாரோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், கைபேசியை அருகில் வைத்து, அவர்கள் ஓதுவதைத் தொடக்கம் முதல் துஆ வரை ஒருமுறை பதிந்து வையுங்கள். கிதாபின் முதல் பக்கத்தில் ஊர்ப் பெயரும் ஆண்டும் எழுதியிருந்தால் அதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.