காஜாங் வட்டார விழாக்களும் ஓலைப் பண்பாடும்

சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆற்றங்கரையில் அமைந்துள்ள காஜாங் நகரைச் சாத்தேயின் பெயரால் அறியாதவர் நம் நாட்டில் இலர். ஆயினும், அந்நகரின் பெயர் எதனைக் குறிக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. மலாய் மொழியில் ‘காஜாங்’ என்னும் சொல், தாழை மடல், நீப்பா ஓலை முதலியவற்றை இணைத்துச் செய்யும் மறைப்பைக் குறிக்கும். படகுகளின்மேல் வெயிலும் மழையும் தாக்காவண்ணம் அதனைக் கட்டுவர். நம்மவர் தென்னங்கீற்றால் பந்தல் வேய்வதற்கு ஒப்பானது அது. ஊர்ப்பெயர் அச்சொல்லிலிருந்தே பிறந்தது என்பது வழிவழியாக வரும் கூற்று. ஓலையின் பெயர் தாங்கிய இவ்வட்டாரத்தில், ஓலையும் இலையும் இன்றி ஒரு விழாவும் நடவாத காலம் ஒன்று இருந்தது. அக்காலத்து விழாக்கள் எவ்வாறு நிகழ்ந்தன, அவை ஏன் மாறின என்பதை ஈண்டுக் காண்போம்.

இன்று ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த விழா’ என்னும் தொடர் எங்கும் கேட்கிறது. நெகிழிப் பை இல்லாத உணவுச் சந்தை, மட்கும் தட்டில் விருந்து, கழிவுப் பொருள்களைக் கொண்டு கலைக்காட்சி என்றெல்லாம் நகரங்களில் நடத்துகின்றனர். நல்லதே. ஆனால், இவை மேலை நாடுகளிலிருந்து புதிதாக வந்திறங்கிய சிந்தனைகள் என்று நம் மாணவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். 1972-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாட்டு நிறுவனம் மனிதச் சூழல் பற்றிய மாநாட்டைக் கூட்டியது. அதன் பயனாக ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளாயிற்று. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, இப்பெயர்கள் ஏதுமின்றி, காஜாங்கைச் சூழ்ந்த தோட்டங்களில் அத்தகைய விழாக்கள் ஆண்டுதோறும் நடந்துவந்தன.

1897-இல் கோலாலம்பூரிலிருந்து இருப்புப்பாதை காஜாங்கை எட்டியது. அதற்குச் சற்று முன்னர், 1890-களின் நடுப்பகுதியில், கிண்டர்ஸ்லி சகோதரர்கள் தங்கள் இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டனர். மலாயாவில் வாணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்ட முதல் முயற்சிகளுள் அதுவும் ஒன்றாகும். காப்பியின் விலை வீழ்ந்து ரப்பரின் விலை ஏறியதும் காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டினர். 1938-இல் இந்திய அரசு அவ்வழியை அடைக்கும்வரை இவ்வாள்சேர்ப்பு நீடித்தது. வந்தவர்கள் தத்தம் ஊர்த் தெய்வங்களையும் திருவிழா முறைகளையும் உடன்கொண்டு வந்தனர்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். குடும்பத்திற்கு இவ்வளவு என வரி பிரித்துப் பணம் சேர்ப்பர். பந்தற்காலுக்கு மூங்கில், கூரைக்குக் கீற்று, வாயிலுக்குக் குலையோடு கூடிய வாழை, வரிசை வரிசையாகக் குருத்தோலைத் தோரணம், நிலைக்கு மாவிலை. இவற்றுள் பெரும்பாலானவற்றைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. லயத்து வீடுகளின் பின்புறத்தில் வாழை இருந்தது. மாட்டுக் கொட்டகை இருந்தது. அருகில் தென்னையும் இருந்தது. பெண்கள் பச்சரிசி மாவால் கோலமிட்டனர். அது எறும்புக்கு உணவாயிற்று. கூழும் பொங்கலும் பானைகளில் கொதித்தன. பந்தியில் இலை விரித்து, நுனி இடப்புறம் வருமாறு இட்டுப் பரிமாறினர். உண்டபின் மடித்த இலைகளில் ஒரு பகுதி மாட்டின் வாய்க்குப் போயிற்று. எஞ்சியது எருக்குழிக்குப் போயிற்று. எருக்குழி வாழைக்கு உரமளித்தது. விழா முடிந்த மறுநாள் கீற்றைப் பிரித்து அடுப்பெரித்தனர். மூங்கிலை அடுத்த தேவைக்கு எடுத்து வைத்தனர். கூட்டி அள்ளி வெளியூருக்கு அனுப்பவேண்டிய குப்பை என்று ஒன்று மிஞ்சவில்லை.

இதில் அண்டை இனத்தாரும் நம்மோடு ஒத்திருந்தனர் என்பது வியப்பிற்குரியது. எந்தத் தென்னங்குருத்தை நாம் தோரணமாகக் கிழித்துப் பின்னினோமோ, அதே குருத்தை மலாய் மக்கள் நோன்புப் பெருநாளில் கெத்துப்பாட் கூடாக முடைந்தனர். மூங்கில் குழாயினுள் வாழையிலையைச் செருகி லெமாங் வேக வைத்தனர். சீனர்கள் தம் பண்டிகைக்கு அரிசியை மூங்கில் இலையில் பொதிந்து கட்டினர். நாசி லெமாக்கும் வாழையிலைப் பொட்டலமாகவே விற்கப்பட்டது. காஜாங்கின் புகழுக்குக் காரணமான சாத்தேயை ஜாவானியர் வழிவந்த ஹாஜி தஸ்மின் 1917-ஆம் ஆண்டளவில் காவடித் தண்டில் சுமந்து விற்கத் தொடங்கினார் என்பர். அந்நாளைய சாத்தேக்கு இறைச்சியைக் கோத்தது தென்னை ஈர்க்கு; சுட்டது கரியடுப்பு; உடன் வைத்தது ஓலையில் வெந்த கெத்துப்பாட். உண்டு முடித்த ஈர்க்குகளை எண்ணியே கணக்குப் பார்த்தனர். இன்றைய சிக்கன வல்லுநர் எவரும் இதனினும் எளிய முறையைக் கண்டுபிடித்துவிட்டதாகத் தெரியவில்லை.

கலைக்கு வருவோம். மாசியில் காமன் கூத்து, திருவிழா இரவில் தெருக்கூத்து, பொன்னர் சங்கர் கதை, மார்கழியில் பஜனை என ஆண்டு முழுதும் தோட்டத்தில் ஏதேனும் ஒன்று இருந்தது. நடிப்பவர் பகலில் பால்மரம் வெட்டியவர். காண்பவரும் அவரே போன்றவர். மண்தரையே அரங்கு, சேலையே திரை, உறுமியும் தப்பும் தவிலும் இசை. காமன் கூத்தின் முடிவில் எரிப்பதற்கென்று வைக்கோலும் ஓலையும் வைத்திருப்பர். எரிந்தபின் சாம்பலைத் தவிர வேறொன்றும் இராது. உறுமி மேளம் மட்டும் இன்றும் நம் நாட்டில் வலுவாக வாழ்கின்றது. ஏனையவற்றை இளையோர் மேடை நிகழ்ச்சியாகவேனும் பார்த்தால் போதும் என்னும் நிலை.

பழையன அனைத்தும் தூயன என்று நான் வாதிட வரவில்லை. கூத்தர் முகத்தில் பூசிய அரிதாரம் ஆர்சனிக் கலந்த நஞ்சு. தோட்டம் என்பதே காட்டை அழித்து எழுந்தது. ரப்பர்ப் பால் உறையவைத்த அமிலநீரும், பின்னாளில் செம்பனை ஆலைகளின் கழிவும் ஆறுகளில் கலந்தன. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டு, 1977-இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகள் வகுக்கப்பட்ட பின்னரே அதற்குக் கடிவாளம் விழுந்தது. விழாவில் குப்பை சேரவிடாத அதே தொழிலாளிக்கு, ஆற்றில் விழும் ஆலைக் கழிவைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. மேலும், நம் முன்னோர் இலையில் உண்டது கொள்கைக்காக அன்று. வேறு கலம் வாங்கப் பணம் இல்லை. இலையோ வீட்டின் பின்னால் விளைந்தது. வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தல் ஆகாது.

ஆகவேதான் மாற்றத்தின் காரணத்தை மக்களின் மனத்தில் தேடுவதினும் நிலத்தில் தேடுவது பொருத்தமாகும். விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளரின் சிறுசேமிப்பால் தோட்டங்களை வாங்க முற்பட்டார். 1969-க்குப் பின் வேலை அனுமதிச் சீட்டு முறையால் குடியுரிமையற்ற பலர் தாயகம் திரும்பினர்; கூத்து அறிந்தோர் பலரை அவ்வாறு இழந்தோம். பின்னர்க் கோலாலம்பூர் தெற்கே விரிந்தது. பாங்கியில் புதுநகரும் பல்கலைக்கழகமும் எழுந்தன. காஜாங்கை அடுத்திருந்த பிராங் பெசார் தோட்டத்தின் முடிவு யாவரும் அறிந்தது. முதல் உலகப் போரில் பங்கேற்ற ஆங்கில அதிகாரிகள் நிறுவியதால் ‘பெரும்போர்’ எனப் பெயர் பெற்ற அத்தோட்டம், உயர்ரக ரப்பர் இனங்களால் உலகப் புகழ் கொண்டது. 1995-இல் அந்நிலத்தில் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியது. அங்கிருந்த தோட்டக் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றப்பட்டன.

நான்காம் மாடியில் வாழை எங்கே வைப்பது? மாடு எங்கே கட்டுவது? எருக்குழி எங்கே தோண்டுவது? இலையை விலைக்கு வாங்கலாம். ஆயினும் உண்ட இலையைத் தின்ன மாடில்லை, மட்க வைக்க மண்ணில்லை. அது நெகிழிப் பையில் கட்டப்பட்டுக் குப்பைத் தொட்டிக்கே போகிறது. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தபின் மற்றவை பயனற்றுப்போயின. இந்நிலையில், 1965-இல் சுவீடனில் காப்புரிமை பெற்ற நெகிழிப் பையும், நுரைத்தட்டும் நம் மக்களுக்கு வசதியாய் வாய்த்தன. ‘நம்மவர் சோம்பேறிகளாகிவிட்டனர்’ என்று மேடைகளில் சிலர் கடிந்துரைக்கும்போது எனக்கு உடன்பாடு தோன்றுவதில்லை. நிலத்தை விட்டுப் பெயர்ந்தவரிடம் நிலத்தின் பழக்கத்தை மட்டும் எதிர்பார்ப்பது எங்ஙனம் நியாயமாகும்?

அரசுகள் சும்மா இருக்கவில்லை. சிலாங்கூர் அரசு 2017 முதல் நெகிழிப் பைக்கு 20 காசு கட்டணம் விதித்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிற்று. கட்டணமும் தடையும் பையைக் குறைக்கும். ஆனால், விழாவுக்கு வேண்டிய இலையை விளைவிக்க ஒரு துண்டு நிலம் வேண்டும். கோயில்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் சுற்றுச்சுவர் ஓரமாகவேனும் அது பெரும்பாலும் உண்டு. பத்து வாழைக்கட்டைகளை நட்டு, அருகில் ஓர் எருக்குழியை வெட்டினால், பொங்கல் நாளின் பந்திக்கு இலை அங்கிருந்தே கிடைக்கும். உண்ட இலைக்கும் இடம் கிடைக்கும். புதிதாகக் கோயில் மண்டபம் கட்டுவோர் வாகன நிறுத்துமிடத்திற்கு இத்தனை அடி என்று வரைபடத்தில் ஒதுக்குகின்றனர். வாழைக்கென்று நான்கு அடி ஒதுக்கிய வரைபடத்தை இதுவரை நான் கண்டதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடியில், குழாய் நீர் வழியும் கால்வாய் ஓரத்தில், எவரோ நட்ட வாழை ஒன்று நிற்பதைச் சில இடங்களில் காணலாம். வெள்ளிக்கிழமை மாலையானால் அதன் இலைகள் பெரும்பாலும் அறுபட்டிருக்கும்.