தரையிலிருந்து பெஞ்சுக்கு

பல வருஷத்துக்கு முன்னால், மீஞ்சூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜிம்மில் நான் ராடுக்கு அடியில் மாட்டிக்கொண்டேன். நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காமல், ஆளில்லாத நேரத்தில் போய்ப் படுத்துவிட்டேன். 60 கிலோ. ஏழாவது தடவை ராடு மேலே போகவில்லை. நெஞ்சில் உட்கார்ந்து, மெல்லக் கழுத்துப் பக்கம் உருண்டது. வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த மாஸ்டர் ஓடிவந்து தூக்கினார். திட்டவில்லை. "தம்பி, தண்டால்ல தோத்தா நீ தரையில படுப்ப. இதுல தோத்தா அது உம்மேல படுக்கும்" என்றார்.

அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. அப்போதிருந்துதான் பெஞ்சின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம்ம ஊர்ப் பழைய பயிற்சிகளைப் பாருங்கள். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, தென்மாவட்டங்களில் இளவட்டக்கல். கல்லைத் தூக்க முடியாவிட்டால் கீழே போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். கால் விரல் நசுங்கலாம், கழுத்து நசுங்காது.

மேல்நாட்டிலும் படுத்துக்கொண்டு எடை தூக்குவது தரையில்தான் தொடங்கியது. எஸ்தோனியாவில் பிறந்த மல்யுத்த வீரர் ஜார்ஜ் ஹாக்கென்ஷ்மிட் 1890-களின் கடைசியில் தரையில் படுத்து 361 பவுண்டு, அதாவது சுமார் 164 கிலோ தூக்கினார். ராடைத் தாங்கிப் பிடிக்க ஸ்டாண்டு கிடையாது. தலைக்குப் பின்னாலிருந்து முகத்துக்கு மேலே உருட்டி நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். பிளேட்டுகள் பெரிய வட்டமாக இருந்ததால் ராடு முகத்தில் இடிக்காமல் தாண்டிப்போகும். தோற்றாலும் பிளேட் தரையில் நிற்கும், ராடு உடம்புக்கு மேலேயே நின்றுவிடும்.

ஆனால் தரையில் ஒரு குறை உண்டு. முழங்கை தரையில் முட்டியதும் இறக்கம் நின்றுவிடும், நெஞ்சுத் தசை முழுசாக விரியாது. உடம்பைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வைத்தால் முழங்கை கீழே இறங்க இடம் கிடைக்கும். பலகை வந்தது அதற்காகத்தான். பிறகு அதோடு ஸ்டாண்டும் சேர்ந்தது. 1950-களில் 500 பவுண்டு பெஞ்ச் பிரஸ் செய்து பேர் வாங்கியவர் கனடாவின் டக் ஹெப்பர்ன், பிறவியிலேயே கால் வளைந்தவர்.

பலகையைச் சாய்க்கத் தொடங்கியதும் ஒரே சாமான் பல வேலைக்கு ஆயிற்று. தலைப்பக்கம் உயர்த்தினால் மேல்நெஞ்சும் தோளும். தாழ்த்தினால் கீழ்நெஞ்சு. ஏறக்குறைய நிமிர்த்தி முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் டம்பெல்லை இடுப்பு வளையாமல் தோளுக்கு மேலே தள்ளலாம். ஒரு முழங்காலையும் ஒரு கையையும் பெஞ்சில் ஊன்றி, மறுகையால் டம்பெல்லை இழுத்தால் முதுகுக்கு. ராடே வேண்டாமென்றால் விளிம்பில் கையூன்றி உடம்பை இறக்கி ஏற்றலாம், மேலே ஏறி இறங்கித் தொடைக்கு வேலை கொடுக்கலாம்.

ஒலிம்பிக் பளுதூக்குதலில் நின்றுகொண்டு தள்ளும் பிரஸ் 1972 மியூனிக்கோடு முடிந்துபோனது. வீரர்கள் பின்பக்கம் அவ்வளவு வளைந்தார்கள், நின்றபடியே பெஞ்ச் பிரஸ் செய்கிற மாதிரி ஆகிவிட்டது. நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அதே வருஷம் சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு தொடங்கியது. அங்கே பெஞ்ச் பிரஸ் மூன்று தூக்குகளில் ஒன்று.

இதற்கும் முன்பே, 1964 டோக்கியோ பாராலிம்பிக்கில், தண்டுவடம் அடிபட்டவர்கள் பெஞ்சில் படுத்து எடை தூக்கினார்கள். கால் இயங்காதவர்களும் பலம் காட்டும் இடமாகப் பெஞ்ச் ஆனது. இன்றும் பாரா பவர்லிஃப்டிங்கில் பெஞ்ச் பிரஸ் ஒன்றுதான் போட்டி. பெண்களுக்கு 2000 சிட்னியில் தொடங்கியது. 2004 ஏதென்ஸில் பஞ்சாபின் ராஜிந்தர் சிங் ரஹேலு 56 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் தமிழ்நாட்டின் கஸ்தூரி ராஜாமணி 67 கிலோ பிரிவில் களமிறங்கினார்.

இப்படிப் பெஞ்ச் நிறையக் கொடுத்தது. பதிலுக்குத் தரை தந்த பாதுகாப்பை எடுத்துக்கொண்டது. போட்டிகளில் அதை ஈடுகட்டத்தான் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறார்கள், கட்டைவிரல் ராடைச் சுற்றியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து தனியாக வருகிற நம்மளுக்கு யார் நிற்பது?

போன மாசம் டேப் எடுத்துக்கொண்டு அந்தப் பழைய பெஞ்சையே அளந்தேன். லேத் பட்டறையில் வெல்டு வைத்தது. உயரம் 51 செ.மீ. பவர்லிஃப்டிங் விதிப்படி 42-லிருந்து 45-க்குள் இருக்கணும். உயரம் குறைந்தவனுக்குப் பாதம் சரியாகத் தரையில் பதியாது, பிடிமானம் போய்விடும். அன்றைக்கு எனக்கும் குதிகால் தூக்கிக்கொண்டுதான் இருந்தது.

மாஸ்டரிடம் சொன்னேன். "காலை அறுத்துடலாம்" என்றார். கூடவே இரண்டு பக்கமும், நெஞ்சு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ராடைத் தாங்க இரும்புக் கை வைக்கச் சொன்னேன். நெஞ்சைத் தூக்கிப் படுத்தால் ராடு அதில் இடிக்காது, தோற்றால் உடம்பைத் தளர்த்த அது தாங்கிக்கொள்ளும். ரெண்டு துண்டு ஆங்கிள், அரை நாள் வேலை. அது வரைக்கும், தனியாகச் செய்கிறவர்கள் பிளேட்டுக்கு வெளியே லாக் போடக்கூடாது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார். மாட்டினால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டை உருவிவிடலாம்.

உங்கள் ஜிம் பெஞ்சையும் ஒரு தடவை அளந்து பாருங்கள்.