வயிற்றுக்குள் ஒரு குடித்தனம்

என் பெரியப்பாவுக்கு வயிற்றில் புண். மிளகாயை விட்டார், காப்பியை விட்டார், கடைசியில் புளியையும் விட்டார். மோர்ச் சாதமும் பாலுமாகவே பத்து வருஷம் தள்ளினார். "உங்கள் கோபந்தான் உங்களைத் தின்கிறது" என்பாள் பெரியம்மா. வைத்தியர் சொன்னதும் அதுதான்: கவலைப்படக் கூடாது. அப்புறம் அந்தக் கவலை வேறு அவருக்குச் சேர்ந்துகொண்டது!

அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் இதே பேச்சுத்தான். இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று அடித்துச் சொன்னார்கள். 1979-இல், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ராபின் வாரன் என்ற டாக்டர் இரைப்பைத் துணுக்கு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வளைந்து நெளிந்த கிருமிகள் அங்கே சுகமாகக் குடியிருந்தன.

இரண்டு வருஷம் கழித்து பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவருடன் சேர்ந்தார். கிருமியைத் தட்டில் வளர்த்துக் காட்ட வேண்டுமே! எத்தனை முயன்றும் முளைக்கவில்லை. இரண்டு நாளில் ஒன்றும் காணாவிட்டால் தட்டை எறிந்துவிடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறைச் சந்தடியில் ஒரு தட்டு எறியப்படாமலே கிடந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருக்கிறது! சில சமயம் மேதாவித்தனத்தைவிட மறதி உதவுகிறது.

அப்படியும் பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சரித்திரம் வேறு மாதிரி போயிருக்கும். சில நாளில் வாந்தி, வாயில் துர்நாற்றம். குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழன்று கிடந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அதற்குப் பெயர். யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு, இரைப்பைச் சுவரின் கோழைக்குள் புகுந்துவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வீட்டாரிடமிருந்தே தொற்றுகிறது. மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் ஆயுள் முழுவதும் குடித்தனம். பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. சிலருக்குப் புண், மிகச் சிலருக்குப் புற்றுநோய்.

1991-இல் ஆல்ப்ஸ் பனியில் அகப்பட்ட 5,300 வருஷத்து மனிதனின் வயிற்றிலும் அது இருந்ததாக 2016-இல் தெரிவித்தார்கள். இன்றைய ஐரோப்பியரின் கிருமியைவிட ஆசியாவில் நம் பக்கத்துக் கிருமிக்குத்தான் அது நெருங்கிய உறவாம்!

பெரியப்பா 1990-இல் காலமானார். பெர்த் நகரத்துச் சங்கதி அப்போது எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. அவர் புண்ணுக்கு அந்தக் கிருமிதான் காரணமா என்று இனி யார் சொல்வது? வலி மாத்திரைகளாலும் புண் வரும். ஆனாலும் இரண்டு வாரத்து மருந்தில் தீர்ந்திருக்கக் கூடும் என்று பெரியம்மாவிடம் ஒரு நாள் சொல்லிவிட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்தாள்.

"நான் வேறே தினம் கோபம், கோபம்னு அவரை ஏசினேனேடா" என்றாள்.