சமையற்கட்டில் ஒரு துறவி

ஊழியம்னு சொன்னாலே நமக்கு மேடையும் மைக்கும்தான் ஞாபகம் வரும், இல்லையா?

17-ஆம் நூற்றாண்டில் நிக்கோலா எர்மான்னு ஒருத்தர். லொரேன் பகுதிக்காரர். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து அடிபட்டதில் கால் ஊனம். அப்புறம் ஒரு வீட்டில் வேலைக்காரர். கையில் எடுத்ததெல்லாம் உடையுமாம்!

1640-ல் பாரீஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். சகோதரர் லாரன்ஸ் என்று பெயர். கிடைத்தது சமையற்கட்டு, அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. ஆனாலும் சுமார் 15 வருடம் செய்தார். ஒருமுறை திராட்சரசம் வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். நடக்க முடியாமல் படகில் பீப்பாய்கள் மேல் உருண்டுதான் நகர்ந்தார். 'ஆண்டவரே, இது உம்ம வேலை' என்பதுதான் அவர் ஜெபம். பிற்பாடு உட்கார்ந்து செருப்பு தைத்தார். ஜெப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்று அவருக்கு இல்லை.

கடைசிவரை குருவானவர் ஆகவில்லை. 1691-ல் இறந்த பிறகுதான் அவர் கடிதங்களையும் பேச்சையும் ஜோசப் த போஃபோர் என்ற குரு தொகுத்து வெளியிட்டார். இன்றும் உலகமே படிக்கிறது.

சபை விருந்து முடிஞ்சு அண்டா கழுவ ஆள் தேடும்போது நைசா நழுவப் பார்ப்பேன். இப்பல்லாம் இவர் ஞாபகம் வந்து தொலைக்குது!