பெரிய துரையில் உள்ள ‘பெரிய’

அளவைச் சொல்லப் பிறந்த ஓர் அடைமொழி பதவியின் பெயராக உறைந்துபோவதைக் காண விரும்பும் சொல்லன்பர்கள், இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் ‘பெரிய துரை’ என்னும் பெயரைச் சற்றே செவிகொடுத்துக் கேட்க வேண்டும். தோட்டத்தின் தலைமை நிருவாகி பெரிய துரை. அவருக்குக் கீழே ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்பவர் சின்ன துரை. சின்ன துரை ஆறடிக்கு மேல் வளர்ந்தவராகவும் பெரிய துரை அவர் தோளுக்கு எட்டாதவராகவும் இருந்தாலும் பெயர்கள் இடம் மாறுவதில்லை.

முதலில் பின்பாதியைப் பிரித்துப் பார்ப்போம். தெலுங்கில் ‘தொர’ என வழங்கும் சொல்லோடு உறவுடைய ‘துரை’, தலைவன் என்னும் பொருளது; பாஞ்சாலங்குறிச்சி ஊமைத்துரையின் பெயரில் அப்பொருள் இன்றும் ஒளிர்கிறது. பின்னர் அது வெள்ளை அதிகாரியைக் குறித்தது. தென்தமிழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு மலையேறிய மக்களின் நாவில் கண்டிச் சீமைக்கும் வந்தது. துரையின் மனைவி ‘துரைசானி’ ஆனார். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பிறகும், பங்களாவுக்கு வந்த சிங்களவரும் தமிழரும் துரைமாரே. சொல்லிலிருந்து நிறம் உதிர்ந்தது, பதவி நின்றது.

இனி நம் அடைமொழி. பெருகு, பெருமை, பேரூர், பேராறு என்று கிளைக்கும் வேரிலிருந்து வந்தது ‘பெரிய’. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ‘ஹிரிய’ என்றும், தெலுங்கில் ‘பெத்த’ என்றும் அதன் உடன்பிறப்புகள் வாழ்கின்றன. அடி ஒன்றே ஆயினும், ‘பெரு’ என ஒட்டி நிற்பதும் ‘பெரிய’ எனத் தனித்து நிற்பதும் ஒரே பொருள் தருவதில்லை. பெரிய தோட்டம் என்றால் பரப்பு. பெருந்தோட்டம் என்றால் வகை. ஆகவேதான் ‘சிறிய பெருந்தோட்டம்’ என்று முரணில்லாமல் சொல்ல முடிகிறது. ஒட்டி நிற்கும் ‘பெரு’வே வகைப்பெயர் ஆக்கும் என்பது பொதுவழக்காக இருக்க, மலையகம் ‘பெருந்துரை’ என்று புணர்க்காமல், தனித்து நிற்கும் ‘பெரிய’வையே ஒட்டவைத்துவிட்டது. சோதித்துப் பாருங்கள்: ‘மிகப் பெரிய துரை’ என்றால் பதவி கலைந்து ஆளின் பருமன் தெரிகிறது, புதிதாக வந்தவரைப் ‘புதுப் பெரிய துரை’ என்கிறோமே அன்றிப் ‘பெரிய புதுத் துரை’ என்பதில்லை. பெரியப்பாவில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்திருக்கிறது: அங்கே வயதின் வரிசை, இங்கே ஆணையின் வரிசை.

இதே அச்சில் பெரிய கிளாக்கர், பெரிய டீமேக்கர், பெரிய கங்காணி எல்லாம் வார்க்கப்பட்டன. கண்காணிப்பவர் கங்காணி, ஆனால் பெரிய கங்காணிக்கு எதிர்நின்றவர் சின்னக் கங்காணி அல்லர், சில்லறைக் கங்காணி. தலைமைக் கங்காணியின் கீழே சிறுசிறு கூட்டங்களாகப் பிரிந்த ஆட்களை மேய்த்தவருக்குச் சில்லறை என்னும் சொல் எவ்வளவு பொருத்தம்! ‘பெரிய’ என்ற ஒரே சொல், துரைக்குச் ‘சின்ன’ என்றும் கங்காணிக்குச் ‘சில்லறை’ என்றும் வெவ்வேறு எதிர்ச்சொல் பெற்றதிலிருந்தே அதன் பொருள் இடத்துக்கிடம் வேறுபட்டது விளங்கும்.

ஆண்டவர்களும் இப்பெயரைக் கடன் வாங்கினார்கள். தம் மொழியில் அதிகாரப் பெயர்கள் நிறைந்திருந்தும், தோட்டத்து ஆங்கிலேயர் தம்மைப் பெரிய துரை, சின்ன துரை என்றே அழைத்துக்கொண்டு, பி.டி., எஸ்.டி. எனச் சுருக்கியும் எழுதினர். நூல்வழக்கின் துரை பேச்சில் ‘தொரை’ ஆகிறதல்லவா? ஆங்கில எழுத்தில் பதிவானதும் அந்த ஒகரமே. தொழிலாளியின் வாயொலியைத் தோட்டக்காரரின் ஏடு காத்துவைத்திருக்கிறது.

எனினும் ‘பெரிய’ முழுவதும் பங்களாவுக்குப் போய்விடவில்லை. குறளில் 45ஆம் அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல். அங்கே பெரியார் அறிவாலும் அறத்தாலும் உயர்ந்தோர். 90ஆம் அதிகாரம் பெரியாரைப் பிழையாமை. அங்கே பெரியார், பிழைத்தால் கேடு சூழும் ஆற்றல் உடையோர். வள்ளுவர் ஒரே சொல்லால் குறித்த இருவரையும் மலையகம் இரு பெயரிட்டுப் பிரித்தது: ஆற்றல் உடையவர் பெரிய துரை, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நரைத்த தலையோடு வழக்குத் தீர்ப்பவர் வெறும் ‘பெரியவர்’. முன்னவருக்கு அடைமொழி ஒரு துரையைத் தாங்கவேண்டியிருந்தது. பின்னவரிடம் அதுவே பெயராகித் தனித்து நிற்கிறது.