இசைஞானம் பிறவிச் சொத்தா?

‘இவனுக்குச் சுருதி பிடிபடாது, பிறவியிலேயே ஞானமில்லை’ என்று ஒரு பிள்ளையை ஒதுக்கிவிடுதல் எளிது. இத்தீர்ப்பு மிகப் பழையது. காலத்துக்குக் காலம் அது விஞ்ஞானத்தின் அங்கியை அணிந்து வந்ததும் உண்டு. அவ்வரலாற்றை ஆசிரியராகிய நாம் அறிந்திருத்தல் நன்று.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரில் வைத்தியராயிருந்த பிரான்ஸ் யோசப் கால், மனிதனின் ஒவ்வோர் ஆற்றலுக்கும் மூளையில் தனித்தனி உறுப்பு உண்டென்றும், மண்டையோட்டின் மேடுகளிலிருந்து அவற்றை அறியலாமென்றும் போதித்தார். அவர் வகுத்த 27 ஆற்றல்களுள் இசையும் ஒன்று. 1809இல் இசைமேதை ஹைடன் மறைந்தபோது, இக்கொள்கையில் மயங்கியோர் கல்லறை காப்போனுக்குக் கைக்கூலி கொடுத்து அவரது தலையைத் திருடுவித்தனர். இசையின் மேட்டை அதிலே தேடினர். அம்மண்டையோடு மீண்டும் உடலுடன் சேர்ந்தது 1954இலேதான். ஹைடனோ வண்டிச் சக்கரம் செய்யும் ஒரு தொழிலாளியின் மகன். ஆறு வயதளவில் வீட்டைவிட்டுச் சென்று, உறவினரான பாடசாலை ஆசிரியரிடமும், பின்னர் தேவாலயப் பாடகர் குழுவிலும் ஆண்டுக்கணக்காகப் பயின்றவர். எலும்பிலே மேதைமையைத் தேடியோர் இவ்வுழைப்பைக் கருதினாரல்லர்.

1869இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ற்றன், மேதைமை குருதிவழி வருவதென வாதித்து நூலொன்றை வெளியிட்டார். இசைவாணர் குடும்பங்களும் அவருக்குச் சான்றாயின. பாக் குடும்பத்தில் இசைவாணர் பலர் தோன்றியது உண்மையே. ஆயின் யோகான் செபஸ்தியன் பாக், பெற்றோரை இழந்தபின் தமையனின் வீட்டில் வளர்ந்து அவரிடமே இசை பயின்றார் என்பதும் உண்மை. ஒரே வீட்டில் குருதியும் குருவும் சேர்ந்திருக்கையில், எது எதைத் தந்ததென எங்ஙனம் பிரித்தறிவது? 1919இல் அமெரிக்காவில் கார்ல் சீஷோர் இசைத்திறச் சோதனைகளை வெளியிட்டார். சுருதி பேதம் அறியும் அடிப்படை ஆற்றல் பிறவியில் அமைந்தது என்பது அவர் கொள்கை. பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கவும் அச்சோதனை பயன்பட்டது.

இதற்கு மறுதலையான விடை 1950களில் சோவியத் நாட்டிலிருந்து வந்தது. வெவ்வேறு உயிரொலிகளில் அமைந்த சுருதிகளை ஒப்பிடும்போது, பலருக்குப் பெரிய பேதமும் புலப்படவில்லை என்பதை உளவியலாளர் லெயோன்தியெவ் கண்டார். அவரோ அவர்களை ஒதுக்கிவிடவில்லை. கேட்ட ஒலியைத் தம் குரலாற் பாடிச் சரிபார்க்கப் பழக்கினார். அவர்தம் செவி கூர்மையடைந்தது.

மூளையின் துலங்கலை நேரே அளக்கும் கருவிகள் வந்தபின் இவ்வழக்கு புதிய கட்டத்தை அடைந்தது. 1998இல் ஜேர்மனியில் பன்ரெவ் குழுவினர் நிகழ்த்திய ஆய்விலே, பியானோ ஒலிக்கு இசைவாணரின் மூளைய மேற்பட்டை காட்டிய துலங்கல், இசை பயிலாதோரினதைவிட ஏறத்தாழ 25 வீதம் மிகுந்திருந்தது. கருவியின் நாதமற்ற தூய ஒலிக்கு அவ்வேறுபாடு இல்லை. இளவயதிற் பயிலத் தொடங்கியோரிடத்து அது மேலும் மிகுந்தது. 2001இல் அவர்கள் கண்டது இன்னும் கருதத்தக்கது: வயலின் வாசிப்போரின் மூளை வயலினுக்கும், ட்றம்பெற் வாசிப்போரின் மூளை ட்றம்பெற்றுக்கும் மிகுதியாகத் துலங்கியது. கருவிக்கொரு பிறவி இருத்தல் இயலாதன்றோ?

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வறிய பகுதிகளிலே, இலவசமாக இசை பயின்ற பிள்ளைகளை நீனா குறவுஸ் குழுவினர் ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டனர். இரண்டாண்டுப் பயிற்சியின் பின், ஒத்த பேச்சொலிகளை வேறுபடுத்தும் மூளையின் திறன் மேம்பட்டிருந்தது. ஓராண்டின் முடிவில் அம்மாற்றம் காணப்படவில்லை.

எதிர்ச் சான்றுகளை மறைத்தல் நமக்கு அழகன்று. அதே 2014இல், சுவீடனில் 10,000க்கு மேற்பட்ட இரட்டையரிடையே நிகழ்ந்த ஆய்வு, ஒத்த இரட்டையருள் மிகுதியாகப் பயின்றவர் சுருதி, தாள பேதம் அறிவதில் மற்றவரை விஞ்சவில்லை என்றது. 2025இல் ஆறு ஆய்வுகூடங்கள் கூடி 260க்கு மேற்பட்டோரைச் சோதித்து, இசைப் பயிற்சிக்கும் ஒலிக்கு எழும் முதனிலைத் துலங்கலுக்கும் தொடர்பில்லை என அறிவித்தன. ஆகவே, இசை மூளைக்கு மருந்தெனப் பறைசாற்றுவோரையும் நாம் ஐயத்துடனேயே நோக்கவேண்டும்.

பிறவி எவ்வளவு தரும், பயிற்சி எவ்வளவு தரும் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எனினும் மண்டையோட்டைத் தடவியோ, ஒருநாட் சோதனை வைத்தோ, பயிலாத செவியின் எல்லையை வரையறுத்துவிட முடியாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. பணமுள்ளவன் பிள்ளைக்கு ஆறு வயதில் ஆசிரியர் கிடைக்கிறார். பத்தாண்டின் பின் அப்பிள்ளையின் தேர்ச்சி ‘பிறவிப் பேறு’ எனப் போற்றப்படுகிறது. ஏழையின் பிள்ளைக்குக் கருவியுமில்லை, ஆசிரியருமில்லை. கிடைப்பது ‘ஞானமில்லை’ என்ற தீர்ப்பு ஒன்றே. தெரிந்தெடுத்த சிலருக்கன்றி எல்லாப் பிள்ளைகளுக்கும், ஒரு தவணைக்கன்றிப் பல ஆண்டுகளுக்கு, பாடசாலையிலேயே இசை கற்பிக்கப்படல் வேண்டும். மேதைகள் தோன்றாவிடினும், மனிதகுலத்தின் பொதுச்செல்வமொன்றிலே தமக்குரிய பங்கை அவர்கள் பெறுவர்.